இயந்திரத்திற்கு ஒரு பாதம்

தொழில் வரலாற்றை எழுதப் புகுவோர் நீராவிப் பொறியில் தொடங்கி, நூற்பாலை, இருப்புப் பாதை, மின் நிலையம் என்று பெரியவற்றின் வழியே நடந்து செல்வது வழக்கம். அவ்வழியினின்றும் சற்று விலகி, மிகச் சிறியதொரு பொருளின் வரலாற்றை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம். பட்டறையில் ஓடும் இயந்திரத்தின் நான்கு மூலைகளிலும் அடியிற் கிடக்கும் ரப்பர்த் துண்டே அப்பொருள். கடையில் வாங்கிய அழகிய வார்ப்பைக் குறிப்பிடவில்லை. பழைய டயரிலிருந்தோ, தேய்ந்துபோன சுமைப்பட்டையிலிருந்தோ பட்டறைக்காரர் தம் கையாலேயே அறுத்து வைத்த கரிய துண்டைத்தான் குறிப்பிடுகிறோம். அதற்கு விலையில்லை, பெயருமில்லை. ஆயினும் அதனுள் மூன்று கண்டங்களின் கதை அடங்கியிருக்கிறது; அக்கதையின் ஒரு பெரும் பகுதி தமிழருடையது.

இத்துண்டைக் காண விரும்புவோர் நெடுந்தொலைவு போகவேண்டுவதில்லை. மும்பைக்குக் கிழக்கே, தாணேக் கழிமுகத்துக்கு அப்பால், கோபர்கைரனே என்னும் ஊர் இருக்கிறது. உழவரும் மீனவரும் வாழ்ந்துவந்த பகுதி அது. 1962ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றபின், தாணேயிலிருந்து பேலாப்பூர் செல்லும் சாலையின் ஓரமாகத் தொழிற்பேட்டை வளர்ந்தது. 1970ஆம் ஆண்டில் சிட்கோ என்னும் நகரமைப்புக் கழகம் தோன்றி, நவி மும்பையைத் திட்டமிட்டு எழுப்பத் தொடங்கியது. கோபர்கைரனேயும் அதன் ஒரு பகுதியாயிற்று. 2004ஆம் ஆண்டில் தாணே–வாஷி ரயில் பாதை திறக்கப்பட்டது. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் முன்னரே வேரூன்றியிருந்த தமிழ்க் குடும்பங்களிற் சில, இடம் தேடியும் பிழைப்புத் தேடியும் கழியைக் கடந்து இப்பக்கம் வந்தன. இப்பகுதியின் சிறு பட்டறைகளில் மோட்டார், கம்ப்ரசர், சாணை இயந்திரம், துளையிடும் இயந்திரம் ஆகியவற்றின் அடியை உற்று நோக்கினால், நாம் கூறும் கரிய துண்டு கண்ணில் படும். கோயம்புத்தூரிலும் இதுவே காட்சி.

இத்துண்டு ஏன் தேவையாயிற்று? இதற்கு விடை காண நூற்பாலைக் காலத்திற்குச் செல்லவேண்டும். 1854ஆம் ஆண்டில் காவஸ்ஜி தாவர் பம்பாயின் முதல் நூற்பாலைக்கு அடிகோலினார். அக்காலத்து ஆலைகளில் ஒரே நீராவிப் பொறி முழுக் கட்டடத்தையும் இயக்கிற்று. கூரையை ஒட்டி ஓடிய நீண்ட இரும்புத் தண்டிலிருந்து தோற்பட்டைகள் இறங்கி, கீழேயுள்ள ஒவ்வோர் இயந்திரத்தையும் சுழற்றின. பட்டை நழுவாமல் ஓடவேண்டுமாயின் இயந்திரம் இம்மியும் நகரலாகாது. ஆகவே தரையைத் தோண்டிக் கருங்கல்லும் காரையும் நிரப்பி, அதில் நீண்ட போல்ட்டுகளைப் புதைத்து, அவற்றின்மேல் இயந்திரத்தை முடுக்கினர். அதிர்வை அடக்கியது அடித்தளத்தின் பாரமே. நிலம் ஆலை முதலாளியினுடையதாதலின் தோண்டுவதற்கு எவரும் தடை சொல்லவில்லை.

மின்மோட்டார் வந்தபின் இந்நிலை மாறியது. ஒவ்வோர் இயந்திரத்திற்கும் தனித்தனி மோட்டார் என்றாகவே, கூரைத் தண்டும் தோற்பட்டையும் மறைந்தன. இயந்திரம் எங்கு வேண்டுமாயினும் நிற்கலாம். இரண்டாம் மாடியில் நிற்கலாம். குடக்கூலிக்கு எடுத்த கொட்டகையிலும் நிற்கலாம். சிறு முதலுடையவர் பட்டறை வைக்க இம்மாறுதலே வழி திறந்தது. ஆனால் குடக்கூலிக்காரர் தரையைத் தோண்ட முடியுமா? வீட்டுக்காரர் ஒப்பமாட்டார், ஒப்பினாலும், இன்னும் எத்தனை மாதம் அவ்விடத்தில் இருப்போம் என்பது அவருக்கே தெரியாது. கல்லில் முடுக்கிய இயந்திரத்தைப் பெயர்ப்பது எளிதன்று. ரப்பர்மேல் நிற்கும் இயந்திரத்தையோ நான்கு பேர் சேர்ந்து வண்டியில் ஏற்றிவிடலாம். ஆகவே, ரப்பர்ப் பாதம் என்பது குடக்கூலிக்காரரின் அடித்தளம் என்று கொள்வதே பொருந்தும். சொந்த நிலம் இல்லாதவர் தொழில் செய்வதற்கு அது ஒரு வழி. வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி ரப்பரின் வரலாற்றைக் காண்போம். தென் அமெரிக்கக் காட்டு மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த இப்பொருளின் மாதிரியை, 1736ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லா கொந்தமின் பாரிசு நகர அறிவியற் கழகத்திற்கு அனுப்பினார். பிரெஞ்சு மொழியில் அதற்கு வழங்கும் 'கவுச்சு' என்னும் பெயருக்கு, அழுகின்ற மரம் என்று பொருள் சொல்வர். 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி, அது பென்சில் எழுத்தை அழிக்க வல்லது என்று எழுதினார். தேய்ப்பது என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் 'ரப்பர்' என்று பெயர் வந்தது அதனால்தான். நம் தோட்டத் தொழிலாளர் வைத்த பெயரோ 'பால்மரம்' என்பது. ஒருவர் கண்ணீரைக் கண்டனர். ஒருவர் பயனைக் கண்டனர். நம்மவர் பாலைக் கண்டனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு இம்மூன்று பெயர்களும் சிந்தனைக்குரியவை.

பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். இக்குறையை நீக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். 1839ஆம் ஆண்டில், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடேற்றினால் அது உருகாமலும் விறைக்காமலும் மீள்திறனோடு நிலைக்கும் என்பதை அவர் கண்டறிந்தார். அவருக்கு 1844இல் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக்கும் அதே காலத்தில் இம்முறைக்கு உரிமை பெற்றார். குட்இயர் 1860ஆம் ஆண்டில் கடனாளியாகவே காலமானார். பின்னாளில், 1898இல், தோன்றிய டயர் நிறுவனம் அவர் பெயரைச் சூடிக்கொண்டதேயன்றி, அவருக்கோ அவர் குடும்பத்தார்க்கோ அதில் பங்கில்லை.

கந்தகமேற்றிய ரப்பருக்கு உலகெங்கும் தேவை பெருகவே, பிரேசில் காடுகள் மட்டும் போதவில்லை. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்கருகே கியூ தோட்டத்திற்குக் கொண்டுவந்தார். முளைத்தவை ஏறத்தாழ 2,700. அவற்றுள் பெரும்பாலான நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்குச் சென்றன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பார், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை வகுத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி பெருகியது. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. இந்தியாவில் 1902ஆம் ஆண்டில் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் முதல் வணிகத் தோட்டம் எழுந்தது.

தோட்டம் போட்டவர் ஆங்கிலேயர். மரத்தை வெட்டியவர் யார்? தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலி முறையில் சென்றனர். மலாயாவைப் பொறுத்தவரை 1910ஆம் ஆண்டில் அம்முறை நிறுத்தப்பட்டபின், கங்காணிகள் தத்தம் ஊர்களுக்கு வந்து ஆள் திரட்டினர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர் பல்லாயிரவர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பலை இன்றும் மூத்த குடும்பங்கள் நினைவிற் கொண்டிருக்கின்றன. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்றுச் செல்லும் கூலியாட்களின் பயணத்தைத் தடை செய்தது.

பால் வெட்டுதல் எளிய வேலையன்று. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையுமாதலால் விடியுமுன்னரே வேலை தொடங்கவேண்டும். ஒருவர் ஒரு நாளில் சில நூறு மரங்களைச் சீவவேண்டும். கத்தி சற்று ஆழப்பட்டால் மரத்தின் உயிர்ப்படலம் காயமுறும். ஆழம் குறைந்தால் பால் வராது. இவ்விரண்டிற்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவைக் கையே அறிந்திருக்கவேண்டும். வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலையும் வீணாக்காமல் சேர்த்தனர். லயங்களில் பிறந்து, லயங்களிலேயே மறைந்தோர் பலர். 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபின், தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, சயாம்–பர்மா இருப்புப் பாதையில் உயிர்நீத்த தமிழர் ஆயிரக்கணக்கானோர். விக்காமின் பெயரும் ரிட்லியின் பெயரும் நூல்களில் இருக்கின்றன. கத்தி பிடித்தவர்களின் பெயர்கள் தோட்டத்துச் சம்பளப் புத்தகங்களோடு மறைந்தன.

ரப்பரை இயந்திரத்தின் அடியில் வைக்கும் எண்ணம் பரவலாகப் புகழ் பெற்றது 1931ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டு அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரின் நான்கு உருளை எஞ்சினை ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்த்தி, நடுக்கம் வண்டிக்குள் வாராமல் செய்தது. மறு ஆண்டில் பிரெஞ்சு நாட்டுச் சித்ரோன் நிறுவனமும் அம்முறையைக் கைக்கொண்டது. காருக்கு ஆனது பட்டறை இயந்திரத்திற்கும் ஆகாதா? ஆலைகளில் வார்க்கப்பட்ட தாங்கிகள் விற்பனைக்கு வந்தன. நம் நாட்டிலும் ரப்பர்த் தொழில் வளர்ந்தது. 1936இல் வங்காளத்துச் சாகாகஞ்சில் டன்லப் தொழிற்சாலை எழுந்தது. 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யும் சிறு கூடமொன்றைத் தொடங்கினார். அதுவே பின்னாளில் எம்.ஆர்.எப். என்னும் பெரும் டயர் நிறுவனமாயிற்று. கோபர்கைரனேயை அடுத்துள்ள தாணே–பேலாப்பூர்த் தொழிற்பேட்டையிலேயே, ரப்பரைப் பதப்படுத்துவதற்கு வேண்டிய இரசாயனங்களை நோசில் நிறுவனம் செய்துவருகிறது.

இவ்வளவு ஆலைகள் இருந்தும் சிறு பட்டறைக்காரர் பாதத்தைத் தாமே அறுத்துக்கொள்வது ஏன்? விலை ஒரு காரணம். வேறொரு காரணமும் உண்டு. கந்தகமேற்றிய ரப்பர் மீண்டும் உருகாது. இரும்பை உருக்கி வார்ப்பதுபோலவும், பிளாஸ்டிக்கை இளக்கி அச்சிடுவதுபோலவும் பழைய டயரை உருக்கிப் புதுப் பொருள் செய்தல் இயலாது. 1899இல் ஆர்தர் மார்க்ஸ் காரநீரில் வேகவைத்து ரப்பரை மீட்கும் முறையை வகுத்தார். அது ஆலைக்குரிய வேலை. ஏழையின் கையில் இருப்பது கத்தி ஒன்றே. எனவே டயரை அறுத்தனர். நம் கிராமங்களில் டயர்ச் செருப்பு அணியாத உழவர் ஒருகாலத்தில் அரியர். டயர் ரப்பரால் செய்த கூடைகள் மண் சுமந்தன. மனிதனின் பாதத்திற்குச் செருப்பாகிய டயர் இயந்திரத்திற்குப் பாதமாகியது. கை ஒன்றே, கத்தியும் ஒன்றே.

ஆனால், ரப்பரை வைத்துவிட்டால் அதிர்வு அடங்கிவிடும் என்று எண்ணுவது தவறு. இங்கே ஓர் எளிய கணக்கு உண்டு. இயந்திரத்தின் பாரத்தால் ரப்பர் 1 மில்லிமீட்டர் அமுங்கினால், அவ்வியந்திரம் தன்னியல்பில் நொடிக்கு ஏறத்தாழ 16 முறை ஆடும். 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8 முறை ஆடும். மோட்டார் நிமிடத்திற்கு 1,440 முறை சுழல்கிறது என்று கொள்வோம். அஃதாவது நொடிக்கு 24 முறை. பாதம் 4 மில்லிமீட்டர் அமுங்குமாயின், மோட்டாரின் ஆட்டம் இயல்பான ஆட்டத்தைப்போல் மூன்று மடங்கு. தரைக்குச் செல்லும் அதிர்வு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறையும். 1 மில்லிமீட்டர் மட்டும் அமுங்கினால் ஐந்தில் நான்கு பங்கு அதிர்வு தரைக்குச் சென்றுவிடும். அரை மில்லிமீட்டரே அமுங்கும் கடினமான தகட்டை வைத்தாலோ, இயல்பான ஆட்டம் நொடிக்கு 22 ஆகிறது. அது 24க்கு மிக அண்மையாதலால் அதிர்வு குறைவதற்கு மாறாகப் பெருகும். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் மேன்மேலும் உயர்வதுபோன்றது இது. ஓடும்போது ரப்பர் நிற்கும்போதைவிடச் சற்றுக் கடினமாக நடந்துகொள்ளுமாதலால், கணக்கில் கொஞ்சம் தாராளமாக விட்டுவைப்பது நன்று.

இதிலிருந்து சில விதிகள் பிறக்கின்றன. ரப்பரைத் தன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்குக்குமேல் அமுக்கலாகாது. ஆகவே 4 மில்லிமீட்டர் அமுங்கவேண்டுமாயின் பாதத்தின் உயரம் 30 முதல் 40 மில்லிமீட்டர்வரை வேண்டும். ஆறு மில்லிமீட்டர் தகடு அப்பணிக்கு ஆகாது. உயரத்தைவிட அகலம் குறைந்தால் பாதம் சாயும். ரப்பர் அமுங்குவது சுருங்குவதால் அன்று, பக்கங்களில் பிதுங்குவதால்தான். ஆகவே பிதுங்க இடமின்றி இரும்புக் கிண்ணத்தில் இறுக்கி வைத்தால் அது கல்லுக்கு ஒப்பாகும். இயந்திரத்தைப் போல்ட்டால் முடுக்குவோர், போல்ட்டு இயந்திரத்தின் இரும்பைத் தொடாதவாறு ரப்பர்க் குழாயால் சுற்றி, நட்டுக்கு அடியிலும் ரப்பர் வாஷர் இடவேண்டும்; இரும்பு இரும்பைத் தொட்டால் அதிர்வு அவ்வழியே இறங்கிவிடும். எஃகுக் கம்பி பின்னிய டயர் அறுப்பவரின் கையைக் கிழிக்கும். நைலான் இழையிட்ட லாரி டயரின் தடித்த மேற்பகுதியே ஏற்றது. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பி நைந்துபோகும். எண்ணெய் சொட்டும் இடத்தில் பாதத்தின்மேல் ஒரு தகட்டு மூடி வேண்டும்.

எல்லா இயந்திரத்திற்கும் ஒரே பாதம் பொருந்தாது என்பதையும் மறக்கலாகாது. நிமிடத்திற்கு 600 முறை ஓடும் கம்ப்ரசர் நொடிக்குப் பத்து முறை ஆடுகிறது. மோட்டாருக்கு நன்மை செய்த அதே 4 மில்லிமீட்டர்ப் பாதம் இதன் ஆட்டத்தை ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காக்கிவிடும். இதற்கு இன்னும் மென்மையான கம்பிச்சுருள் வேண்டும். நுட்பமாகக் கடையும் நீண்ட லேத் இயந்திரமோ சற்றும் முறுகாத உறுதியான தரையை விரும்பும். அதை மென்மையான ரப்பர்மேல் வைத்தால் மட்டம் தவறிவிடும். அன்றியும், நான்கு மூலைகளிலும் பாரம் ஒன்றாயிருப்பதில்லை. மோட்டார் இருக்கும் பக்கம் மிகுதி. நான்கு பாதங்களும் ஒரே அளவு அமுங்குமாறு பார்த்து, பாரம் மிகுந்த பக்கத்தில் அகன்ற துண்டை வைப்பவரே தேர்ந்த கைவினைஞர். அவர் மேற்கூறிய கணக்கை அறியாதிருக்கலாம். ஆனால் இயந்திரத்தை ஓட்டி, அதன்மேல் ஒரு குவளை நீரை வைத்து, நீரின் சலனத்தைப் பார்த்தே பாதத்தைத் திருத்திவிடுவார்.

இச்சிறிய பொருளின் தத்துவமே பெரிய கட்டடங்களையும் தாங்குகிறது. 1957ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துப் பெல்ஹாம் பாலத்தை இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்த்தினர். 1966இல் லண்டனில் சுரங்க ரயிலுக்கு மேலே எழுந்த ஆல்பனி கோர்ட் என்னும் குடியிருப்பை, ரயிலின் அதிர்வு தாக்காவண்ணம் ரப்பர்மேல் கட்டினர். நம் நாட்டிலும், 2001ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த பூஜ் நகர மருத்துவமனை, ஈயமும் ரப்பரும் சேர்ந்த தாங்கிகளின்மேல் மீண்டும் எழுந்தது. இயந்திரத்தின் அதிர்வு தரைக்குச் செல்லாமல் தடுப்பதும், தரையின் அதிர்வு மருத்துவமனைக்குச் செல்லாமல் தடுப்பதும் ஒரே விதியின் இருபக்கங்களே. மாவாட்டும் கிரைண்டரின் அடியிலுள்ள ரப்பர் புஷ்ஷும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

பட்டறைக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர் இருக்கும் இடங்களில் இது வெறும் இயந்திர விஷயம் அன்று. சுவருக்கு இப்பக்கம் ஒருவர் பிழைக்கிறார். அப்பக்கம் ஒரு குழந்தை படிக்கிறது, ஒரு முதியவர் உறங்குகிறார். இரவு வேலை உண்டா இல்லையா என்பது சில நேரம் அண்டை வீட்டாரின் பொறுமையைப் பொறுத்தது. அப்பொறுமையை நீட்டிக்கும் ஆற்றல் நான்கு ரப்பர்த் துண்டுகளுக்கு உண்டு. தாராவியில் 2004ஆம் ஆண்டு முதல் மறுசீரமைப்புத் திட்டங்கள் பேசப்பட்டு வருகின்றன. அங்குள்ள பட்டறைக்காரர்க்கு இயந்திரத்தைப் பெயர்த்தெடுக்க முடியுமா என்பதும், சென்ற இடத்தில் அண்டையார் ஏற்பரா என்பதும் வயிற்றுப் பிழைப்பைப் பற்றிய கேள்விகள். இன்று தமிழ்நாட்டு ரப்பரின் பெரும் பகுதி கன்னியாகுமரி மாவட்டத்தில் விளைகிறது. அங்கு இன்றும் விடியற்காலையில் பால் வெட்டுவோர் இருக்கின்றனர். மரத்தினின்று அப்பாலைத் தொடங்கி வைப்பவரும், டயராய்த் தேய்ந்து வந்ததைக் கடைசியில் அறுத்து இயந்திரத்தின் அடியில் வைப்பவரும் உழைப்பாளரே. நடுவிலுள்ள ஆலைக்கும் வணிகத்திற்கும் எழுதப்பட்ட வரலாறு உண்டு. இருமுனைகளுக்கும் அது எழுதப்படவேண்டும். தோட்டத்திற்குச் சென்றுவந்த முதியவரோ, பட்டறையில் கைதேர்ந்த பெரியவரோ வீட்டில் இருப்பாராயின், அவர் கூறுவதைக் கேட்டு, ஆண்டும் ஊரும் குறித்து, தமிழிலேயே எழுதிவைக்குமாறு நேயர்களை வேண்டுகிறோம்.